மேலவை திரும்பி வந்த வருடம்

13 ஏப்ரல் 2010, செவ்வாய். கடலூர் முதுநகர்

இன்று நான் சொல்லாமல் விட்டது: சவரிமுத்து சார் தேர்தலில் நிற்கலாம் என்பது.

காலையிலிருந்து அப்பா பேப்பரும் கையுமாக வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தார். மேலவையைத் திரும்பக் கொண்டுவர நேற்று சட்டசபையில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். எண்பத்தாறில் ஒழித்த சபை. மூன்று வருடமாக நான் சிதம்பரத்துக்குப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பது அதன் வரலாற்றைத்தான். "செத்துப்போன சபைக்கு எதுக்குடி டாக்டர் பட்டம்?" என்று கேட்கிற அப்பா, இன்று முதல்முறையாக என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஆசிரியர் தொகுதின்னு தனியா இருந்துச்சே, அது திரும்ப வருமா?"

"வரும்பா. பட்டதாரி தொகுதியும் வரும்."

அவ்வளவுதான் கேட்டார். பிறகு போன். ஆசிரியர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் என்றால் போன் ஓய்வதில்லை. அடுத்த மே மாதம் தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கே தெரியாமல் இருந்தது. இன்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "சங்கத்துல என்னை விட்டா சவரிமுத்து. அந்த ஆளு ரிட்டயர்டு ஆகி எட்டு வருஷம் ஆச்சு, ஆசிரியர் தொகுதியில வோட்டே கெடையாது. வோட்டு இல்லாதவன் எப்படி நிப்பான்? ரூட் கிளியர்."

ரூட் கிளியர் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இதே சபைக்கு, பட்டதாரி தொகுதியில், பட்டம் இல்லாத ஒருவர் நின்று ஜெயித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வாக்காளருக்குத்தான் தகுதி சொல்லியிருக்கிறது, வேட்பாளருக்கு இல்லை என்று தீர்ப்பு. அப்படியானால் ஆசிரியர் தொகுதியிலும் ஓட்டு இல்லாதவர் நிற்கலாம். என் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பத்தியே இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? சொன்னால், "புஸ்தகத்துல இருக்கும்" என்பார். அது ஒரு காரணம். இன்னொன்று — அப்பா இத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இதில் எது உண்மையான காரணம் என்று எனக்கே சந்தேகம்.

7 மே 2010

நாடாளுமன்றத்திலும் நிறைவேறிவிட்டது. என் வழிகாட்டி சிரிக்கிறார்: "உன் சப்ஜெக்ட் எந்திரிச்சு உக்காந்துடுச்சும்மா, சீக்கிரம் எழுதி முடி."

23 மே 2010, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஒரு கார். சவரிமுத்து சார், அவர் மனைவி, ஒரு கூடை மாம்பழம்.

அப்பாவும் அவரும் பேசி எத்தனையோ வருடம். விருத்தாசலத்தில் நடந்த ஒரு சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கியது யார் என்பதில் ஆரம்பித்த சண்டை. எங்கள் வீட்டில் அவர் பெயர் "அந்த ஆளு". அந்த ஆளு சோபாவில் உட்கார்ந்து, "பழசெல்லாம் விடு இன்னாசி. நமக்கு வயசாவுது" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். பையன் ஜெகன். ஆரோக்கிய ஜெகன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், குறிஞ்சிப்பாடியில் வேலை. "ஒன் பொண்ணப் பத்தி ஊரே சொல்லுது. படிச்ச பொண்ணு. எங்களுக்கு அது போதும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா அரை மணி நேரத்தில் "அண்ணே" என்றார். கிளம்பும்போது "சம்பந்தி" என்றே சொல்லிவிட்டார்.

நான் இருபத்தேழு வயசுக்காரி. அந்தப் பையன் முப்பதோ முப்பத்தொன்றோ. இத்தனை வருடம் இந்தக் கடலூர் மாவட்டத்தில்தான் இருந்தோம். போன வருடம் தெரியாத நான் இந்த மே மாதம் எப்படித் தெரிந்தேன்? அப்பாவின் கையில் இருப்பது மூன்று தாலுக்கா உயர்நிலைப் பள்ளி வாத்தியார்கள். அதைத் தவிர இந்த வீட்டில் புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லது வரும்போது அதையும் ஒக்காந்து ஆராய்ச்சி பண்ணாதடி" என்றாள்.

11 ஜூன் 2010. சிதம்பரம், நூலகம்

பழைய மேலவை நடவடிக்கைக் குறிப்புகளை இன்று முழுக்கப் படித்தேன். ஒருவரை வெட்டப் போகிற உறுப்பினர் முதலில் அவரைப் புகழ்கிறார். "என் மதிப்புக்குரிய நண்பர் அவர்கள் மிக அழகாக எடுத்துரைத்தார்கள்" என்று வந்தால் அடுத்த பக்கத்தில் ரத்தம். மூன்று வருடம் இதையே படித்தவளிடம் மாம்பழக் கூடையோடு வந்தால்?

4 ஜூலை 2010, ஞாயிறு

தேவனாம்பட்டினம் கடற்கரை. பெண் பார்க்கும் சடங்கு வேண்டாம், சும்மா பேசட்டும் என்று இரண்டு அம்மாக்களும் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். மீனவர்கள் வலையை உதறிக்கொண்டிருந்த இடம்வரை ஜெகனும் நானும் நடந்தோம்.

அவர் கையில் புதுக் கீறல். காலையில் ஏதோ ஊரில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம். "உங்களுக்கு ஆராய்ச்சி. எனக்கு கரண்ட் போனா திட்டு வாங்குறதுதான் வேலை. அதுல நான் டாக்டர் பட்டமே வாங்கிட்டேன்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

என் தலைப்பைக் கேட்டார். நிறையக் கேட்டார். யாரும் கேட்காத கேள்விகள் — ஒழித்த அன்று அந்தச் சபையின் உறுப்பினர்கள் என்ன செய்தார்கள், வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று. எனக்குப் பேச்சு சுகமாக இருந்தது. பிறகு, குனிந்து சிப்பி ஒன்றை எடுத்துக்கொண்டே:

"ஒரு டவுட். ஆசிரியர் தொகுதியில வோட்டு இல்லாத ஒருத்தர் நிக்க முடியுமா?"

அதற்குத்தானா இத்தனை தூரம் நடந்தோம்?

"பாக்கணும்" என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா?"

"பாத்துட்டு சொல்றேன்."

திரும்பும்போது அவர் வேறு ஏதோ பேசினார். என் காதில் விழவில்லை. வேவு பார்க்க அனுப்பப்பட்டவரைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன் என்பது மட்டும் உறைத்தது.

5 ஜூலை

அம்மா கேட்டாள்: "புடிச்சிருக்கா?" பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

22 ஆகஸ்ட் 2010, ஞாயிறு

இரண்டு வீட்டாரும் சம்மதம் சொல்லியாகிவிட்டது. நானும் சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பார்ப்போம் என்றுதான் சொன்னேன் — இப்படி ஒரு பெண் சம்மதம் சொல்வாளா?

இனி ஓலை எழுத வேண்டும். பங்குச் சாமியாரிடம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தால், மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார்கள். இவர்களுக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. ஓலை வாசித்துவிட்டால் பிறகு யாரும் எளிதில் பின்வாங்க முடியாது. அதனாலேயே அது எப்போது எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்கிறேன்.

"வேளாங்கண்ணி திருவிழா முடியட்டும்" என்று அப்பா வந்து சொன்னார். சவரிமுத்து சார் வீட்டில் சொல்லியிருப்பார்கள். முடியட்டும். பார்க்கலாம், அடுத்து எந்தத் திருவிழா வருகிறதென்று.

1 அக்டோபர் 2010

தொகுதிகளைப் பிரித்து அறிவித்துவிட்டார்கள். எழுபத்தெட்டு பேர் கொண்ட சபை, அதில் ஆசிரியர்களுக்கு ஏழு, பட்டதாரிகளுக்கு ஏழு. வாக்காளர் பட்டியல் புதிதாகத் தயாராகிறது. விரும்புகிறவர்கள் படிவம் எழுதிக் கொடுத்தால்தான் பெயர் சேரும். ஆகவே யார் அதிகம் படிவம் எழுத வைக்கிறாரோ அவருக்கே சபை.

அப்பாவும் சவரிமுத்து சாரும் ஒரே காரில் போகிறார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, வடலூர். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலில் நின்று வாத்தியார்களைப் பிடிக்கிறார்களாம். "நம்ம மாவட்டத்து ஆளு ஒருத்தர் மேலவையில உக்காரணும்" என்று இருவருமே பேசுகிறார்களாம். அந்த ஆள் யார் என்று அப்பாவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. சவரிமுத்து சாருக்கும் அப்படியே இருக்கும் என்று எனக்கு மட்டும் தெரியும்.

24 அக்டோபர் 2010, ஞாயிறு

குறிஞ்சிப்பாடியிலிருந்து கொளஞ்சியம்மாள் டீச்சர் வந்தார். தமிழாசிரியை, கட்டாகப் படிவங்கள் கொண்டுவந்திருந்தார். ஹாலில் இரண்டு சம்பந்திகளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் உட்காரவில்லை.

"ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுதான் வோட்டாம். எங்க ஸ்கூல்ல கேக்குறாங்க சார். ஒண்ணு யாருக்குப் போடணும்?"

அப்பா சிரித்தார். சவரிமுத்து சாரும் சிரித்தார்.

"மொதல்ல பேரு சேரட்டும் டீச்சர்" என்றார் சவரிமுத்து சார்.

"நம்மாளுக்குத்தான்" என்றார் அப்பா.

"அதான் சார் யாரு?"

இருவரும் மறுபடி சிரித்தார்கள். அம்மா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

டீச்சரை வழியனுப்ப கேட்வரை போனேன். குடையை விரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க வூட்ல மாப்ள ரெண்டு பேரு ஒக்காந்திருக்காங்க பாப்பா. ஒன்னைக் கட்டிக்க இல்ல, மேலவையைக் கட்டிக்க. நீ சூதானமா இரு."

ஊருக்கே தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

10 நவம்பர் 2010

கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக்காலம் வருகிறது, கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆகவே ஓலை இப்போது வேண்டாம் என்று செய்தி. நான் எதிர்பார்த்ததுதான். அம்மாவிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்: "அவுங்க எத்தனை தடவைம்மா தள்ளிப் போடுவாங்க? எலக்‌ஷன் முடிஞ்சதும் கழட்டி விட்டுடுவாங்க, பாரு."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவுங்க தள்ளிப் போடல. செப்டம்பர்லயே கேட்டாங்க. போன வாரமும் கேட்டாங்க, நவம்பர்லயே முடிச்சுடலாம்னு. ஒங்கப்பாதான் எலக்‌ஷன் முடியட்டும்னாரு."

"ஏன்?"

"கல்யாணம் முடிஞ்சுட்டா அந்தாளு கூட வந்து அலைவாரான்னாரு."

அப்பாவா? எங்க அப்பாவா? இத்தனை மாசமா நான் எதிர்வீட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். என் வீட்டுக்குள்ள ஒருத்தர் என்னை முடிச்சுப் போட்டுக் கையில வெச்சுக்கிட்டு இருக்காரு. பொண்ணு கொடுத்தா வோட்டு, வோட்டு வந்தா பொண்ணு. அவரு என்னைக் கேக்கக்கூட இல்ல.

கையெழுத்து கோணலாகிறது. நிறுத்துகிறேன்.

14 நவம்பர் 2010, ஞாயிறு

ஜெகனுக்கு நானே போன் செய்தேன்.

"ஜூலையில ஒண்ணு கேட்டீங்க. நிக்கலாம். வோட்டு இல்லாதவரும் நிக்கலாம். கோர்ட்டே சொல்லியிருக்கு."



"இது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேட்டீங்கன்னு தெரியல."

"நிக்கலாம்னா, அப்பா நிக்கப்போறத மாமாகிட்ட நேராவே சொல்லிடலாம்னு பாத்தேன். ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கல்யாணம் வேணாம்னுதான்."

அழகான பதில். இத்தனை அழகான பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து யார் வேண்டுமானாலும் இப்படி ஒரு பதிலைச் செய்துகொள்ளலாம். "சரி, இப்ப சொல்லுங்க" என்றேன். "நீங்களே சொல்லலியா உங்க அப்பாகிட்ட?" என்றார். இரண்டு பேரும் போனை வைத்தோம்.

அப்பாவிடம் நானும் சொல்லவில்லை. போன வாரத்துக்குப் பிறகு, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அது நல்லதில்லை என்று தெரிகிறது.

27 டிசம்பர் 2010, திங்கள்

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் சங்கத்துப் பையன் ஒருவன் வந்து புது வருடக் காலண்டர் கொடுத்துவிட்டுப் போனான். மாதா படம் மேலே, கீழே சவரிமுத்து சார், கைகூப்பியபடி, "உங்கள் ஆசிரியர் தொகுதி வேட்பாளர்." மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போயிருக்கிறதாம்.

அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "என் கூடயே கார்ல வந்து, என் டீச்சருங்ககிட்டயே ஃபாரம் வாங்கி... த்தூ! வோட்டே இல்லாத ஆளு நீ. நாமினேஷன் அன்னைக்கே ஒன்ன தூக்கி வெளிய போடுவான்!"

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அப்பா போனைக் கீழே போட்டார். அம்மாவிடம் திரும்பினார்: "நிக்கலாமாம்! நிக்கலாம்னு சொல்றான். எவன் சொன்னது அவனுக்கு?"

அப்போதுதான் சொன்னேன். "நிக்கலாம்பா. அது உண்மைதான்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலாம்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஏப்ரல்லேர்ந்து."

"நீதான் சொன்னியா அவனுக்கு?"

போன மாதம் ஜெகனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜெகனிடம்தான், கேட்டதால்தான், அதுவும் உங்கள் மேல் இருந்த கோபத்தில்தான் என்று எப்படி விளக்குவது?

"அந்த வூட்டுக்குப் போறதுக்கு முந்தியே அந்த வூட்டுப் பொண்ணாயிட்ட" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எட்டு மாதமாக எல்லாரையும் நான் சந்தேகப்பட்டேன். என்னை யாராவது சந்தேகப்பட முடியும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. ஜெகன் தன் அப்பாவிடம் போய்ச் சொன்னாரா, அவர் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டாரா? அதுகூடத் தெரியவில்லை.

20 ஜனவரி 2011

சம்பந்தம் முறியவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். அப்பா என்னிடம் அம்மா வழியாகப் பேசுகிறார். "அவளச் சாப்பிடச் சொல்லு."

சிதம்பரத்தில் நூலக வாசலில் ஜெகன் நின்றிருந்தார். ஒரு டீ குடித்தோம்.

"என்னை நம்ப முடியுமா முடியாதா?"

"தெரியல."

"எப்பத் தெரியும்?"

"எலக்‌ஷன் முடிஞ்சா தெரியும்."

"எலக்‌ஷன் வராதுன்னு சொல்றாங்க. கேஸ் இருக்காம். அதுக்குள்ள சட்டசபைத் தேர்தலே வந்துடுமாம்."

"வரலைன்னா இன்னும் நல்லாத் தெரியும்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வை! மின்கம்பத்தில் ஏறுகிற ஆட்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் கீழே நின்றுகொண்டு உத்தரவு போடுவார்களாம். அவர்களை இப்படித்தான் பார்ப்பார் போல. எழுந்து போய்விட்டார்.

ஆக, நான் ஒரு சபையின் வரலாற்றை எழுதிக்கொண்டே அது வராமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

9 மார்ச் 2011

சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பம், கோயிலில் கல்யாணம் கிடையாது. இனி நாற்பது நாளுக்கு யாரும் எனக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

13 மே 2011, வெள்ளி

ஆட்சி மாறிவிட்டது. மேலவை இனி வராது என்று டிவியில் எல்லாரும் சொல்கிறார்கள். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதக் கடைசியில் ஓய்வு.

8 ஜூன் 2011, புதன்

நேற்று சட்டசபையில் தீர்மானம். போன வருடத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். எண்பத்தொன்பதிலும் சபையைக் கொண்டுவர ஒரு தீர்மானம், தொண்ணூற்றொன்றில் அதையும் திரும்பப் பெற்றார்கள். என் கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் இரண்டு பக்கம்.

எத்தனை ஆயிரம் படிவங்கள். எந்த அறையில் கிடக்கின்றனவோ.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டார். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் கழற்றி மாட்டினார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் போய் நிற்க வேண்டும்போல இருந்தது. "போய் ஒன் மாமனாருக்குச் சொல்லு" என்று விடுவாரோ என்று போகவில்லை.

26 ஜூன் 2011, ஞாயிறு

ஜெகன் வராமலிருந்தால் என் கணக்கு சரி என்று சொல்லியிருப்பேன். வந்தார்.

பூசை விட்டு வந்தபோது வாசலில் பைக். உள்ளே அப்பாவின் எதிரில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"மேலவையே இல்ல. இன்னும் என்ன வேணும் ஒங்க வூட்டுக்கு?" என்றார் அப்பா.

"வூட்டுக்கு ஒண்ணும் வேணாம் மாமா. எனக்காகத்தான் கேக்குறேன்."

"சார்னு கூப்புடு."

"சரிங்க சார்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு துறைமுகம் பக்கம் போய்விட்டார். அம்மா சமையலறையில் பாத்திரங்களைக் காரணமில்லாமல் கழுவினாள்.

நான் கேட்டேன். இந்த ஒரு வருடத்தில் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"மொதல்ல எதுக்கு வந்தீங்க?"

"அப்பா போகச் சொன்னாரு. ஒங்க அப்பா கையில இருக்குற வோட்டுக்குத்தான். தெரிஞ்சேதான் வந்தேன்."

"பீச்சுல கேட்டது?"

"அதுவும் அவரு கேக்கச் சொன்னதுதான். நேராச் சொல்லிடலாம்னு நெனச்சதா போன்ல சொன்னேனே, அது அப்புறமா தோணுனது. நீங்க போன்ல சொன்னத அன்னைக்கே அவருகிட்ட சொன்னேன். சொல்லி, மாமாகிட்ட பேசுங்கன்னேன். அவரு காலண்டர் அடிச்சாரு."

"இப்ப?"

"இப்ப போவாதன்னாரு. அந்த வூட்ல இனிமே என்ன இருக்குன்னாரு. அதான் வந்தேன்."

நான் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. மாம்பழம், கடற்கரை, சிப்பியை எடுத்த விதம், நவம்பரில் சொன்ன அந்த அழகான பதில், எல்லாம். சரி என்று தெரிந்தபோது ஜெயித்ததுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் ஒருவர் பேசினால் அதைத் திருப்பிப் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை.

"காபி சாப்புடுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரமா நிக்கிறேன். குடுத்தா குடிப்பேன்" என்றார்.

4 செப்டம்பர் 2011, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். நேராக, அம்மாவை நடுவில் வைக்காமல். போன வருடம் ஏப்ரலில் சொல்லாமல் விட்டதற்கான காரணங்களையும், நவம்பரில் ஜெகனிடம் ஏன் சொன்னேன் என்பதையும், அப்பாவே என் ஓலையைத் தள்ளிப் போட்டது எனக்குத் தெரியும் என்பதையும்.

கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அன்னைக்கு அந்த வூட்டுப் பொண்ணாயிட்டன்னு நான் சொன்னப்ப ரோஷம் வந்துச்சே ஒனக்கு. இப்ப அந்த வூட்டுக்குத்தான் போற. அப்ப நான் சொன்னது சரிதான?" என்றார்.

என் சந்தேகம் சரியாகப் போனது போலவே அவருடையதும் சரியாகப் போகிறது. நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருக்க முடியும்: ஜெகனை நான் கட்டாமல் இருப்பது.

"ஓலை எழுதணும்பா. நீங்க வரணும்."

"ஒங்கம்மாவ கூட்டிக்கிட்டுப் போ."

11 டிசம்பர் 2011, ஞாயிறு

அம்மாவும் நானும் பங்குச் சாமியாரிடம் போனோம். "ஹெட்மாஸ்டர் வரலியா?" என்றார். "காய்ச்சல் சாமி" என்றாள் அம்மா. கண்ணிமைக்காமல். எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான் நினைத்திருந்த ஒருத்தியும் போனாள். ஜனவரியில் ஓலை, மாதக் கடைசியில் கல்யாணம்.

8 ஜனவரி 2012, ஞாயிறு

புயலடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெருவில் நின்ற மரம் ஒன்று பாக்கியில்லை. முந்திரிக்காடெல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டது என்கிறார்கள். கரண்ட் இல்லை, தண்ணீர் லாரிக்கு வரிசை. வரிசையில் எதிர்வீட்டுச் சின்னம்மாள் அக்கா எல்லார் காதிலும் விழும்படி: "கரண்ட்டு ஆபீஸ் மாப்ள புடிச்சும் என்ன புண்ணியம்? அந்த வூட்டுக்கும் இருட்டுதான், நமக்கும் இருட்டுதான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஜெகன் குறிஞ்சிப்பாடியில் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறார். சட்டை மாற்றி எத்தனை நாளோ. போனில் குரலே இல்லை. கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். தள்ளிப் போடுகிறாரே என்று தோன்றியது. தோன்றிய உடனே வெட்கமாக இருந்தது. இந்தப் பழக்கம் என்னைவிட்டு முழுதாகப் போகாது என்று நினைக்கிறேன்.

22 ஏப்ரல் 2012, ஞாயிறு

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. நாளைக்குக் கல்யாணம். அப்பா ஒரு புது வேட்டி வாங்கியிருப்பதாக அம்மா சொல்கிறாள். அலமாரியில் தேடினேன், தென்படவில்லை.

11 நவம்பர் 2012, ஞாயிறு. குறிஞ்சிப்பாடி

ஆய்வேட்டைப் போன மாதம் சமர்ப்பித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இதில் எழுதவே இல்லை. அந்த நாளை இப்போது எழுதி வைக்கிறேன்.

சவரிமுத்து சார் பட்டு வேட்டியில் வந்து, கோயில் வாசலில் நின்று ஒவ்வொரு வாத்தியாராகக் கைகூப்பினார். "அடுத்த ஆட்சியில திரும்ப வரும், பாருங்க" என்று கொளஞ்சியம்மாள் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "வரட்டும் சார், அப்பவும் ஒண்ணு யாருக்குன்னு சொல்ல மாட்டீங்க" என்றார் டீச்சர்.

அப்பா வந்தார். புது வேட்டிதான். பீடம்வரை என் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய் விட்டார். அவர் கை சூடாக இருந்தது. பூசை முடியும்வரை முதல் வரிசையில் இருந்தார். பந்தி போடும்போது ஆளைக் காணவில்லை. அம்மா அவருக்காக ஒரு இலையை விட்டு வைத்திருந்தாள். கடைசிப் பந்தியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

ஏழு மாதமாகிறது. முதுநகருக்கு நான் போனால் பேசுகிறார். குறிஞ்சிப்பாடிக்கு இன்னும் வரவில்லை.